மந்திரிக்காத மண்

மூன்றாவது பெட்டியின் கண்ணாடியை ஏசம்மாள் தூக்கியபோது புழுக்கள் ஓடவில்லை.

வெளிச்சம் பட்டால் அவை ஓட வேண்டும். முதல் பெட்டியிலும் இரண்டாவது பெட்டியிலும் மேலே மூடியிருக்கும் கண்ணாடியை ஒரு விரற்கடை நகர்த்தினாலே போதும், பாலில் ஊறிய ரொட்டித் துண்டைச் சுற்றி வெள்ளை நூலாக மொய்த்துக் கிடக்கும் கூட்டம் கண் மூடித் திறப்பதற்குள் மண்ணுக்குள் இறங்கிவிடும். அது இறங்குவதற்குள் கோழி இறகால் வழித்தெடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு அலச வேண்டும். இரண்டு மாதமாகக் காலையும் மாலையும் இதே வேலையாக இருந்ததால் கண்ணாடியை எவ்வளவு வேகத்தில் தூக்குவது, இறகை எவ்வளவு வேகத்தில் ஓட்டுவது என்பதெல்லாம் அவள் கைக்குத் தெரியும்.

இன்றைக்குக் கையில் இறகோடு அப்படியே நின்றாள். ரொட்டி தின்னப்படாமல் இருந்தது. அதில் ஊறியிருந்த பால் மட்டும் பிழிந்து எடுத்த மாதிரி ஒரு சொட்டு இல்லாமல் போயிருந்தது. புழுக்கள் ரொட்டியை விட்டு விலகி, அவள் நின்ற பக்கத்துப் பலகையோரமாகத் திரண்டு வந்து கிடந்தன. மெல்லிய தலைகளை உயர்த்தி இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தன.

"சீ" என்று கண்ணாடியை டக்கென்று மூடினாள்.

அந்த அறை பங்களாவின் வடமேற்கு மூலையில், சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்தது. இரண்டு ஜன்னலிலும் வெட்டிவேர்த் தட்டி கட்டி, மணிக்கொரு தரம் தண்ணீர் தெளித்து, தரையில் ஆற்று மணலைக் கொட்டி அதையும் நனைத்து வைத்திருந்ததால், வெளியே பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் உள்ளே கிணற்றடி மாதிரி சில்லென்று இருக்கும். எறும்பு ஏறாமல் பெட்டிகளின் கால்களை எல்லாம் தண்ணீர்க் கிண்ணியில் நிறுத்தியிருந்தார்கள். வேரின் வாசனையும் ஈர மண்ணின் வாசனையும் புளித்த பாலின் வாசனையும் ஒன்றாகக் கலந்து, வீட்டுக்குப் போன பிறகும் அவள் தலைமயிரில் இருக்கும்.

புழுவுக்கு வெட்டிவேர்த் தட்டி! நினைத்தாலே அவளுக்கு வயிறு எரியும். காளிராஜ் முதலாளிக்கு ராஜபாளையத்தில் சொந்தமாக ஒரு ஜின்னிங் பாக்டரி. பங்களாவின் முன்கூடத்தில் ஐந்து கண்ணாடித் தொட்டிகள். தொட்டிகளில் கல்கத்தாவிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வரவழைத்த நாற்பத்துச் சொச்சம் மீன்கள். கொசுப் புழுவைப் போட்டார், மீன் வளரவில்லை. சாக்கடையில் அள்ளிய சிவப்புப் புழுவைப் போட்டார், பாதி மீன் வயிறு ஊதிச் செத்தது. பிறகு கொழும்புக் கடைக்காரன் ஒருவன், பாலும் ரொட்டியும் தின்று வளரும் வெள்ளைப் புழுவைத் தகர டப்பாவில் பாசி வைத்துப் போட் மெயில் ரயிலில் அனுப்பினான். அன்றிலிருந்து தினம் அரைப்படி பால் புழுவுக்கு. பாக்டரியில் பருத்தி அரைக்கும் பெண்கள் பிள்ளைகளைப் பஞ்சுத் தூசிக்கு நடுவே தூளியில் போட்டு, அழுதால் நீராகாரத்தில் துணியை நனைத்து வாயில் வைக்கிறார்கள். அந்த வழியாகத்தான் பால்காரன் தூக்குச் சட்டியோடு பங்களாவுக்கு வருவான்.

"கைப்பிள்ளையப் பாக்குற மாதிரிப் பாக்கணும், ஏசம்மா" என்று முதல் நாளே முதலாளி சொல்லியிருந்தார். அவருக்குத் தெரியாது, அவளுக்குப் பிள்ளை செத்து அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது என்று. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பார், அது வேறு விஷயம்.

அன்று மாலை திரும்பவும் கண்ணாடியைத் தூக்கினாள். புழுக்கள் அதே பக்கத்தில் காத்திருந்தன. அவள் மெதுவாக நகர்ந்து பெட்டிக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றாள். கூட்டம் கொஞ்ச நேரம் தடுமாறியது. பிறகு ரொட்டியின் மேல் ஏறி, மறுபக்கம் இறங்கி, அவள் வயிறு உரசிக்கொண்டிருந்த பலகைக்கே வந்து சேர்ந்தது.

சமையல்கார வெள்ளத்தாயைக் கூப்பிட்டாள். "மதினி, இங்க வந்து செத்த நேரம் நில்லுங்க" என்று தான் நின்ற இடத்தில் அவளை நிறுத்திவிட்டுக் கதவுப் பக்கம் ஒதுங்கினாள்.

வெள்ளத்தாய் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தாள். "என்னட்டி இது, எல்லாம் கதவப் பாத்துல்லா போகுது?" என்றாள்.

ஏசம்மாள் நின்றது கதவருகில்.

*

அவள் புருஷன் சூசை அதே முதலாளியிடம் மாட்டு வண்டி ஓட்டினான். ஸ்ரீவில்லிபுத்தூர், மகாராஜபுரம் பக்கத்துக் கிராமங்களில் பருத்திப் பொதி ஏற்றிவந்து பாக்டரியில் இறக்குவது அவன் வேலை. இந்தப் புழு வேலையில் அவளைச் சேர்த்துவிட்டவனும் அவன்தான். பாக்டரித் தூசியில் நிற்பதற்கு நிழலில் நிற்கலாமே என்றான். அவன் அக்கறை எல்லாம் இப்படித்தான், காரியம் கெட்டபின் வந்து நிற்கும்.

ராத்திரிச் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். "அந்த மூணாம் பெட்டிக்கு மண்ணு எங்கேருந்து கொண்டாந்தீங்க?"

சூசை தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஏன்?" என்றான்.

"கேட்டாச் சொல்லுங்க."

"கண்மாக்கரைல அள்ளுனது. வேற எங்க?"

பொய் சொன்னால் அவனுக்குக் காது மடல் சிவக்கும். சிம்னி விளக்கு வெளிச்சத்தில் அது சிவந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் கண்மாய் வண்டலைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரியும். முதலாளி முதலில் மலையடிவாரத்துச் செம்மண்ணைப் போட்டுப் பார்த்து, அதில் புழு செத்து, கரிசலைப் போட்டு, அது காய்ந்து வெடித்து, கடைசியில் கண்மாய் வண்டலைப் போட்டார். முதல் இரண்டு பெட்டியிலும் இருப்பது அதுதான், களிம்பாக விரலில் ஒட்டும். மூன்றாவது பெட்டி மண் அப்படி இல்லை. மாவு மாதிரி உதிரும். ஏர் படாத, ஆள் மிதிக்காத, பல வருஷம் இலை உதிர்ந்து மக்கிய மண். அதைப் போட்ட பிறகுதான் புழு பெருகியது என்று முதலாளியே சூசையைத் தட்டிக் கொடுத்திருந்தார்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அந்த அறைக்குள் போகும்போது அவள் கால் தயங்கியது. போகாமலும் இருக்க முடியவில்லை. கண்ணாடியைத் தூக்கும் முன்பே உள்ளிருந்து ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. ரொம்ப மெல்லிய சத்தம், ஈரமான சத்தம், தட்டியில் நீர் சொட்டுவதாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள், தட்டியைச் சுருட்டி வைத்துவிட்டும் கேட்டாள். ச்சப். ச்சப். கொஞ்சம் நிற்கும். மூச்சு வாங்குகிற மாதிரி நிற்கும். திரும்பவும் ச்சப், ச்சப்.

வாசனையும் மாறியிருந்தது. புளித்த பால் வாடை போய், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகை காட்டிய உச்சந்தலையின் வாசனை வந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் அவளுக்குப் பயத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. யாரோ தன்னிடம் கேலி செய்கிறார்கள் என்று தோன்றியது. யார் மேல் என்று தெரியாத கோபம். இறகைத் தூக்கி எறிந்துவிட்டுக் கையாலேயே புழுவை வழித்தாள். அவை வழுக்கிக்கொண்டு விலகவில்லை. அவள் சுண்டுவிரலைச் சுற்றிக்கொண்டு, இறுக்கிப் பிடித்துக்கொண்டன.

உதறினாள். சுவரோடு தேய்த்தாள். மணலில் கையைப் புதைத்து உரசினாள்.

வெள்ளிக்கிழமை காலை கண்ணாடியின் அடிப்பக்கத்தில் புழுக்கள் ஏறி ஒட்டியிருந்தன. கண்ணாடியைப் புரட்டி வெளிச்சத்துக்குக் காட்டினாள். புளியங்கொட்டை அளவில் ஒரு வட்டம், அதைச் சுற்றி ஐந்து சிறிய கோடுகள். ஒரு கோடு மட்டும் தள்ளி நின்றது, கட்டைவிரல் தள்ளி நிற்குமே அப்படி. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கண்ணாடி முழுக்க உள்ளங்கைகள். ஒன்று போல ஒன்று இல்லை. ஒன்றில் விரல்கள் நீளம், ஒன்றில் குட்டை.

அவள் கண்ணாடியை மணலில் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கையையும் பெட்டிக்குள் விட்டு, அடிமண் வரை கிளறினாள். மண்ணில் என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். வேர்கள் வந்தன. ஒரு காய்ந்த நித்தியகல்யாணிச் செடி வந்தது. அடி மூலையில் துணி தட்டுப்பட்டது. இழுத்தாள். மக்கிப்போன ஒரு சாண் துணி. மண்ணைத் தேய்த்ததும் மஞ்சள் தெரிந்தது, ஓரத்தில் அரக்குக் கரை தெரிந்தது.

அவள் கல்யாணச் சேலை. அதைக் கிழித்த பாதி இன்னும் வீட்டில் அவள் துணிப்பெட்டியில் இருக்கிறது. மற்ற பாதியில் பிள்ளையைச் சுற்றிக் கொடுத்தாள்.

*

பிள்ளை பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், அவள் பிறந்த வீட்டில். ஆண் பிள்ளை. விடியற்காலம் பிறந்து, நடுப்பகல் வரை உயிரோடு இருந்தது. ரத்தம் போய் அவள் பாதி நினைவில் கிடந்தாள். சாகிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது கோயிலில் எல்லோருக்கும் சொல்லித் தந்ததுதான். பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்துவுடைய நாமத்தினாலே என்று சொல்லித் தலையில் மூன்று தரம் தண்ணீர் ஊற்றினால் போதும். பச்சைத் தண்ணீர் போதும். நிலைப்படி ஓரமாக ஒரு பானைத் தண்ணீர் இருந்தது. சூசை அதைத் தாண்டி வெளியே ஓடினான். தான் சொன்னால் செல்லாமல் போய்விடுமோ என்று பயந்து, மூன்று மைல் தூரத்திலிருந்த, ஜெபம் சொல்லித் தரும் உபதேசியாரைக் கூப்பிட்டு வர ஓடினான். உபதேசியாரோடு அவன் திரும்பி வந்தபோது பிள்ளை விறைத்திருந்தது.

ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்குப் பெயர் கிடையாது, பூசை கிடையாது, கல்லறைத் தோட்டத்துச் சுவருக்குள்ளே இடமும் கிடையாது. உள்ளே இருப்பது சாமியார் மந்திரித்த மண். இந்த மாதிரிப் பிள்ளைகளைச் சுவருக்கு வெளியே, வாகை மரங்களுக்கு அடியில், மந்திரிக்காத மண்ணில் வைப்பார்கள். சிலுவை நட மாட்டார்கள். எத்தனை பிள்ளைகள் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்க மாட்டார்கள். தாய்மார் மட்டும், பால் கட்டி நெஞ்சு கல்லாகும்போது, விடியும் முன் யாருக்கும் தெரியாமல் அங்கே போய் மண்ணில் பாலைப் பீய்ச்சிவிட்டு வருவார்கள். ஏசம்மாளுக்கு முன்னால் அவளுடைய சித்தி அப்படிப் போயிருக்கிறாள், சித்திக்கு முன்னால் எத்தனை பேரோ. ஏசம்மாள் பதினேழு நாள் போனாள். இடம் தெரிய வேண்டுமென்று ஒரு நித்தியகல்யாணியை நட்டுவிட்டு வந்தாள்.

இத்தனையும் அவளுக்கு ஒரே மூச்சில் ஞாபகம் வந்தது. துணியை மடித்து மடியில் செருகிக்கொண்டாள். வெள்ளத்தாய் கூப்பிடக் கூப்பிட நிற்காமல் போய் ஸ்ரீவில்லிபுத்தூர் மோட்டாரில் ஏறினாள்.

கோபுரம் தெரிந்ததும் இறங்கி, கல்லறைத் தோட்டத்துக்குக் குறுக்கு வழியாக நடந்தாள். உள்ளே வெள்ளையடித்த சிலுவைகள் ஒழுங்காக நின்றன. சுவரைச் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கம் வந்தாள். வாகை நெற்றுகள் காற்றில் கலகலவென்று அடித்துக்கொண்டிருந்தன. அவள் செடி நட்ட இடத்தில் செடி இல்லை. இடமும் இல்லை. ஒரு வண்டி அகலத்துக்குப் பள்ளம். அவள் பிள்ளைக்கு இருந்த இடம் மட்டும் இல்லை, அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மண்வெட்டி வாய் பதிந்த வெட்டுகள் அழகாக, வரிசையாக இறங்கியிருந்தன. பள்ளத்தின் ஓரத்தில் வண்டிச் சக்கரத் தடம்.

அவள் அழவில்லை. அழுகைக்கு அங்கே இடம் இல்லாதபடி ஆத்திரம் வந்தது.

மகாராஜபுரத்திலிருந்து பருத்தி ஏற்றிக்கொண்டு வரும் வண்டிகள் சாலை முக்கில்தான் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டும். போய் நின்றாள். ஒரு மணி நேரம் நின்றிருப்பாள். சூசையின் வண்டி வந்தது. அவளைப் பார்த்ததும் மாட்டை நிறுத்தினான், இறங்கவில்லை.

அவள் மடியிலிருந்து துணியை எடுத்து நீட்டினாள்.

அவன் அதைத் தொடவில்லை. தலையிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். "ஓரமாத்தான் எடுத்தேன்" என்றான்.

"எதோட ஓரம்?"

"மொதலாளி தெனமும் கேட்டாரு. பூ மாதிரி மண்ணு வேணும்னாரு. எங்கயும் கெடைக்கல. அந்த மண்ணு பூன்னு இருக்கும்னு எனக்குத் தெரியும்ட்டி. நாந்தான குழி தோண்டுனேன்."

"ஓம் பிள்ளைய வச்ச எடம்."

கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவனை அவள் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தரம். அவனும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"உள்ள இருந்து எடுத்தாப் பாவம். வெளிய உள்ளது மந்திரிக்காத மண்ணுதான? சாமியாரே அதத் தோட்டம்னு சொல்ல மாட்டாரே. பெறம்போக்குதான அது" என்றான். அவன் குரலில் திமிர் இல்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சாகும் பிள்ளையை விட்டுவிட்டு மூன்று மைல் ஓடியபோதும் இதே நம்பிக்கையில்தான் ஓடினான்.

"அதுல என்னையப் போயி வேலைக்கு விட்டியே" என்றாள். "எம் பிள்ளையத் தின்ன புழுவுக்கு எங்கையால பால் ஊத்த விட்டியே. பன்னிப் பெயலே, நீ மனுசன்தானா?"

சூசை மாட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டான்.

"வண்டிய விடு. அம்புட்டு மண்ணையும் இன்னைக்கே அள்ளிக்கொண்டாந்து இங்க போடணும். ஒரு புழு பாக்கி இல்லாம எல்லாம் இங்க வரணும். எம் பிள்ளை எங்கெங்க கெடக்கானோ அம்புட்டும் திரும்ப வரணும். இல்லன்னா நான் அந்தப் பங்களாவுலயே மண்ணெண்ணைய ஊத்திக்கிடுவேன்."

ஏழு மைல். பருத்திப் பொதியின் மேல் உட்கார்ந்து வந்தாள். வெயில் சாலையில் அலையடித்தது. பிள்ளையைத் திரும்ப அதன் குழியில் வைத்துவிடலாம், அரைகுறையாக என்றாலும் வைத்துவிடலாம் என்ற ஒன்றைத் தவிர வேறெதையும் அவள் நினைக்கவில்லை.

*

பங்களாவுக்கு வந்தபோது மணி மூன்று இருக்கும். வெயிலுக்குப் பயந்து எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. புழு அறையில் தட்டிகள் காய்ந்து கிடந்தன. முதல் பெட்டி இருந்தது. இரண்டாவது பெட்டி இருந்தது. மூன்றாவது பெட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது, கழுவி.

"மண்ண ரோசாப் பாத்தியில கொட்டியாச்சு" என்றாள் வெள்ளத்தாய், வாசலில் நின்றபடி. உள்ளே வர அவள் தயாராக இல்லை. "மொதலாளி அவியளே வந்து பாத்தாவ. இந்தப் பெட்டிப் புழு ஓடவே மாட்டேங்கே, கையாலயே அள்ளலாமேன்னு சந்தோசப்பட்டுக்கிட்டு, நாளைக்கு விருந்தாளி வாராவன்னு அம்புட்டையும் அள்ளித் தொட்டியில போட்டுட்டாவ."

"அம்புட்டையுமா?"

"ஒண்ணு பாக்கி இல்லட்டி."

சூசை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ரோஜாப் பாத்திக்கு ஓடினான். அவன் ஓட்டத்தை அவள் பார்த்தாள். காரியம் முடிந்தபின் ஓடுகிற ஓட்டம். பின்னாலேயே போய், அவன் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கினாள். அவன் தடுக்கவில்லை. முன்கூடத்துக் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

கூடம் இருட்டாக இருந்தது. மேலே இருந்த ஒரு வண்ணக் கண்ணாடி வழியாக மட்டும் வெளிச்சம் தொட்டிகளில் விழுந்தது. காளிராஜ் முதலாளி சாய்வு நாற்காலியில் பனியனோடு சாய்ந்திருந்தவர், அவளைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கூடக் கவனிக்காமல் உற்சாகமாக எழுந்தார். உற்சாகம் வந்தால் அவர் பேச்சில் வீட்டுத் தெலுங்கு கலக்கும்.

"ஏமிம்மா, இப்பத்தான் வாரியா? வந்து பாரு. அரை நாள்ல என்ன பளபளப்பு! எல்லாம் உன் கைராசி."

"இதுல எம் பிள்ளை இருக்கான்" என்றாள் ஏசம்மாள்.

"ஏமி?"

"எம் பிள்ளை இருக்கான். எம் பிள்ளை மட்டுமில்ல. எம்புட்டுத் தாயி பெத்த பிள்ளைகளோ இருக்கு. நீரு தின்னக் குடுத்திட்டீரு. ஒம்ம மீனு மினுங்கணும்னு குடுத்திட்டீரு!"

அவர் என்னவோ சொல்ல ஆரம்பித்தார். அவள் கேட்கவில்லை. மண்வெட்டியைத் தலைக்கு மேல் ஓங்கி முதல் தொட்டியை நோக்கி நடந்தாள்.

மீன்கள் திரும்பின.

பாசிக்குள் இருந்தவை, கல்லுக்கு அடியில் இருந்தவை, மேலே குமிழி விட்டுக்கொண்டிருந்தவை, எல்லாம். முதல் தொட்டி. இரண்டாவது. ஐந்தும். நாற்பத்துச் சொச்சம் தலைகள் அவள் பக்கம். வாலை ஆட்டிக்கொண்டு வந்தன. ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. அவள் நெஞ்சுக்கு நேராகக் கண்ணாடியில் வாயைப் பதித்தன.

வாய்கள் திறந்தன. மூடின. திறந்தன.

ஒரே நேரத்தில்.

ச்சப்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்டது. முதலாளிக்கும் கேட்டது. அவர் பேச்சை நிறுத்தினார்.

ச்சப். ச்சப்.

அவளுடைய இரண்டு மாரிலும் சுருக்கென்று ஒரு வலி இறங்கியது. தெரிந்த வலி. பால் இறங்கும் வலி. ஐந்து மாதத்துக்கு முன் மண்ணில் பீய்ச்சிப் பீய்ச்சி வற்ற வைத்தது. குனிந்து பார்த்தாள். ரவிக்கை நனைந்திருந்தது. நனைந்துகொண்டே இருந்தது. வயிற்றில் வழிந்து, சேலையில் இறங்கி, தரையில் சொட்டியது.

அவள் ஓரடி இடது பக்கம் நகர்ந்தாள். நாற்பது வாயும் நகர்ந்தன.

உடை, என்றது மனசு. உடைத்துப் போடு. கை ஓங்கியபடியே நின்றது. உடைத்தால் தரையில் விழும். துடிக்கும். வாயைத் திறந்து திறந்து மூடும். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் இன்னொரு தரம் சாகும்.

இதில் எது அவன்?

ஆத்திரம் அடங்கவில்லை. ஆத்திரத்தோடுதான் மண்வெட்டியைக் கீழே போட்டாள். ஆத்திரத்தோடுதான் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். முதலாளி சுவரோடு சுவராக ஒட்டி நின்று, "ஏசம்மா... ஏசம்மா, தொட்டியப் பாரு" என்றார்.

பார்த்தாள்.

அவள் மார் கண்ணாடியைத் தொடவில்லை. ஒரு முழம் இடைவெளி இருந்தது. ஆனாலும் இழுப்பு தெரிந்தது, ஒவ்வொரு வாயின் இழுப்பும் தனித்தனியாகத் தெரிந்தது, ஈறால் கடிக்கிற மாதிரி. மூடிய தொட்டிக்குள், மீன் வாய்களின் ஓரத்திலிருந்து வெள்ளையாக ஒரு கோடு கசிந்தது. இன்னொரு கோடு. பாசி மறைந்தது. கல் மறைந்தது. செதில், வால், கண், எல்லாம் வெள்ளைக்குள் போயின. ஐந்து தொட்டியிலும் பால் தளும்பி நின்றது.

வாய்கள் மட்டும் தெரிந்தன. கண்ணாடி நெடுக, வரிசை வரிசையாக, சின்னச் சின்ன இளஞ்சிவப்பு வாய்கள். மீனுக்கு உதடு இல்லை. அவற்றுக்கு இருந்தது.